கேபின் கிடைத்துவிட்டது, மற்றதெல்லாம்?

ஆறு மாதம் முன்பே பணம் கட்டி, குடும்பத்தோடு சொகுசுக் கப்பலில் ஏறியாகிவிட்டது. அன்று மாலையே முகங்கள் வாடுகின்றன. பிள்ளைகள் ஆசைப்பட்ட பனிச்சறுக்குக் காட்சி நிரம்பிவிட்டதாம். கைக்குழந்தையை விடும் காப்பகத்தில் நேரம் இல்லையாம். அண்ணன் குடும்பம் முதல் பந்தியிலும் தம்பி குடும்பம் இரண்டாம் பந்தியிலும் சாப்பிட வேண்டுமாம். "இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு இதுக்கும் முன்பதிவா?" என்ற கேள்வி கப்பல் பயண முகவர்களிடம் அடிக்கடி வரும் புகார்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் வாங்கியது என்ன என்று பார்க்க வேண்டும். கப்பல் கட்டணத்தில் வருவது கேபின், பொது உணவு மண்டபம், பஃபே, நீச்சல் குளம், 3 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான கிளப். காட்சி, காப்பகம், சிறப்பு உணவகம், கரையில் இறங்கிச் சுற்றும் பயணம் எல்லாம் இரண்டாவது புக்கிங். அவற்றில் சில இலவசம்தான், ஆனாலும் இடம் பிடிக்க வேண்டும். அந்த இரண்டாவது புக்கிங் தனக்கென ஒரு தேதியில் திறக்கிறது. கேபின் வாங்கிய அன்று அந்தத் தேதியையும் நாள்காட்டியில் குறிக்காதவர்கள்தான் கடைசியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

வரிசையில் முதலில் நிற்பவர் யார்?

தட்கலில் பழகிய விரல்களுக்கு இந்தப் பரபரப்பு புதிதல்ல. ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே கதவு எல்லோருக்கும் ஒரே நாளில் திறப்பதில்லை.

டிஸ்னி குரூஸ் லைனின் அமெரிக்கப் பயணங்களை எடுத்துக்கொள்வோம். முதல்முறை வருபவருக்குப் புறப்படும் நாளுக்கு 75 நாள் முன்பு திறக்கும். ஏற்கெனவே ஒரு பயணம் முடித்த சில்வர் உறுப்பினருக்கு 90 நாள், 5 பயணம் முடித்த கோல்டுக்கு 105 நாள், 10 முடித்த பிளாட்டினத்துக்கு 120 நாள். மேல்தளத்தில் 'கன்சியர்ஜ்' எனப்படும் விலை கூடிய சிறப்பு அறை வாங்கியவர்கள் அதற்கும் முன்னே போய்விடுவார்கள். ஆக முதல்முறைக் குடும்பம் உள்ளே நுழையும்போது இந்த முன்வரிசைக்காரர்கள் எடுத்துப்போனதில் மிச்சம்தான் இருக்கும். இது ஏமாற்று வேலை அல்ல, விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். என்ன, விளம்பரப் படத்தில் இந்த விதி தெரியாது.

நாளை எண்ணும் முறையிலும் தவறு நடக்கிறது. டிசம்பர் 20 புறப்பாடு என்றால், 75 நாள் முன்பு அக்டோபர் 6. திறப்பது அமெரிக்கக் கிழக்கு நேரப்படி நள்ளிரவு 12 மணிக்கு. அக்டோபரில் அங்கே கோடை நேரம் நடப்பதால் நம்மூரில் அது காலை 9.30. குளிர்கால நேரத்துக்கு மாறிய பிறகு 10.30. சென்னையிலிருந்து புக்கிங் செய்பவருக்குத் தூக்கம் கெடாது. டல்லாஸில் இருக்கும் பிள்ளைக்கு இரவு 11 மணி, அதுவும் முந்தைய தேதி. "நாளைக்குத்தானே" என்று படுத்துவிடுகிறவர்கள் உண்டு.

இன்னொரு முடிச்சு, முழுப் பணம் கட்டியிருந்தால்தான் இந்தக் கதவு திறக்கும். கடைசித் தவணைத் தேதியும் முன்பதிவு திறக்கும் தேதியும் ஒன்றல்ல. உறுப்பினர் தகுதியால் 105 நாளிலேயே உள்ளே போக உரிமை இருக்கும், ஆனால் கடைசித் தவணைக்கு இன்னும் நாள் இருக்கிறதென்று பணத்தைக் கையில் வைத்திருப்பார்கள். அன்று காலை திரை எதையும் காட்டாது. முன்னுரிமை வேண்டுமென்றால் மூன்று நான்கு நாள் முன்பே பாக்கியைத் தீர்த்துவிட வேண்டும். முகவர் வழியாகக் கட்டினால் பணம் கப்பல் கம்பெனிக் கணக்கில் ஏற இன்னும் ஓரிரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ராயல் கரீபியன் என்ற இன்னொரு கப்பல் கம்பெனியில் கதை வேறு. அதன் ஓயஸிஸ், ஐகான் வகைக் கப்பல்களில் பனி அரங்கம், நீர் அரங்கக் காட்சிகள் இலவசம், ஆனால் நேரம் பதிய வேண்டும். அது திறக்க நிலையான நாள் கிடையாது. ஒரு பயணத்துக்கு மாதக்கணக்கில் முன்பே திறக்கும், இன்னொன்றுக்குச் சில வாரங்கள் இருக்கும்போதுதான் திறக்கும். கடைசித் தவணை கட்டியதிலிருந்து வாரம் ஒருமுறை ஆப்பைத் திறந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை. ஏறும் நாளுக்கான ஆன்லைன் செக்-இன் மட்டும் 45 நாள் முன்பு திறக்கும். முனையத்துக்கு எத்தனை மணிக்கு வரலாம் என்பதை அப்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். மதியத்துக்கு முந்தைய நேரங்கள் முதலில் தீரும்.

பணம் போகும் விதத்திலும் வேறுபாடு உண்டு. டிஸ்னியில் கரைப் பயணம், உணவகம் போன்றவை கப்பல் கணக்கில் ஏறும், கடைசியில் கட்டலாம். ராயல் கரீபியனில் பதியும்போதே கார்டில் எடுத்துவிடுவார்கள். இந்திய கார்டு வைத்திருப்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். 2020இல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி புதிதாகத் தரும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே வரும். வங்கி ஆப்பில் நாமே திறந்து வரம்பையும் உயர்த்த வேண்டும். அந்த நேரத்தில் கார்டு மறுக்கப்பட்டு, திரும்ப முயல்வதற்குள் இடம் போயிருக்கும்.

எது உண்மையில் அரிது

எல்லாவற்றுக்கும் பாய வேண்டியதில்லை. முதலில் ஒரு கணக்கு. ராயல் கரீபியனின் ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலில் அறைக்கு இருவர் என்று எண்ணினால் 5,610 பேர். எல்லாப் படுக்கையும் நிறைந்தால் சுமார் 7,600 பேர். கம்பெனி விளம்பரத்தில் சொல்வது பெரும்பாலும் முதல் எண். பள்ளி விடுமுறையில் மூன்றாவது, நான்காவது படுக்கைகளில் பிள்ளைகள் ஏறுவதால் கப்பல் இரண்டாவது எண்ணை நோக்கிப் போகும். அதற்காக அரங்க நாற்காலிகளின் எண்ணிக்கை அதிகரிக்காது, காப்பகத் தொட்டில்களும் அதிகரிக்காது. பிப்ரவரியில் போய்வந்த நண்பர் "ஒண்ணும் புக் பண்ண வேண்டாம், நேரா போனோம்" என்று சொன்னால் அது உண்மைதான். டிசம்பர் கடைசி வாரத்துக்கு அது பொருந்தாது.

உண்மையில் சீக்கிரம் தீர்ந்துபோவது கைக்குழந்தைக் காப்பகம். டிஸ்னியில் 6 மாதம் முதல் 3 வயது வரை, மணிக்கணக்கில் கட்டணம். இதை முதலில் பதியுங்கள், மற்றதெல்லாம் பிறகு. மூன்று வயது முடிந்து, கழிப்பறைப் பழக்கமும் வந்த பிள்ளை என்றால் கவலையே இல்லை. கிளப்புக்கு இட முன்பதிவு வேண்டாம், பெயர் பதிந்தால் போதும். டயப்பர் போட்ட மூன்றரை வயதுப் பிள்ளையைச் சேர்க்க மாட்டார்கள் என்பதைப் பலர் கப்பலில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

அடுத்தது தனித்தீவில் வாடகைக்கு விடும் கடற்கரைக் குடில். டிஸ்னியின் காஸ்டவே கே தீவில் இருபது சொச்சம் குடில்கள்தான். அங்கே போகும் டிஸ்னி விஷ் கப்பலில் மட்டும் சுமார் 1,250 அறைகள். முதல்முறைக் குடும்பத்துக்கு அது கிடைக்கும் என்று எண்ணித் திட்டம் போடக் கூடாது. கிடைக்காவிட்டாலும் பெரிய இழப்பில்லை. அந்தத் தீவில் சாய்வு நாற்காலியும் மதிய உணவும் கட்டணத்திலேயே அடக்கம்.

பெரியவர்களுக்கு மட்டுமான உணவகங்களை, 18 வயதுக்குக் கீழே அனுமதியில்லாதவற்றை, குழந்தையோடு முதல்முறை போகும் தம்பதி விட்டுவிடலாம் என்பதே எங்கள் கருத்து. சைவம் சாப்பிடுபவர் என்றால் இன்னும் எளிதாக விடலாம். அந்த மாலை பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற கேள்விக்கே இன்னொரு முன்பதிவு வேண்டியிருக்கும்.

குடும்பம் பெரிதாக இருந்தால்

இங்கேதான் நம்மவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள். மூன்று குடும்பம் சேர்ந்து போகும். ஒருவர் கம்பெனி இணையதளத்தில், ஒருவர் முகவரிடம், ஒருவர் கார்டுச் சலுகையில் வாங்குவார். கப்பலைப் பொறுத்தவரை அவர்கள் மூன்று அந்நியக் குடும்பங்கள். புக்கிங் எண்களை ஒன்றோடொன்று இணைக்கச் சொல்ல வேண்டும். இணைத்தால்தான் ஒருவர் திரையிலிருந்து எல்லோருக்கும் காட்சி நேரம் பதிய முடியும், ஒரே மேசையும் கேட்க முடியும். இணைக்கும் முன் எல்லோரும் ஒரே பந்தியில் இருக்கிறார்களா என்று பாருங்கள். டிஸ்னியில் முதல் பந்தி பொதுவாக மாலை 5.45, இரண்டாம் பந்தி 8.15. ஒருவர் முதல் பந்தி, மற்றவர் இரண்டாம் பந்தி என்றால் இணைப்பு இருந்தும் மேசை ஒன்றாகாது. முதல் பந்திக்கே எல்லோரும் ஓடுவதால் அது முதலில் நிரம்பும். இரண்டாம் பந்தியிலும் ஒரு வசதி உண்டு. கிளப் வயதுச் சிறு பிள்ளைகள் சீக்கிரம் சாப்பிட்டு முடித்ததும் கிளப் ஊழியர்கள் உணவு மண்டபத்துக்கே வந்து அழைத்துப் போவார்கள்.

"பாட்டியை அப்புறம் சேர்த்துக்கலாம்" என்பது அடுத்த தவறு. கேபினில் மூன்றாவது படுக்கை சுவரில் மடிந்து சும்மா இருக்கும், கம்பெனி முடியாது என்று சொல்லும். காரணம் படுக்கை அல்ல, படகு. ஒவ்வொரு கேபினும் மஸ்டர் ஸ்டேஷன் எனப்படும் ஓர் அவசரக் கூடுமிடத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கூடுமிடத்துக்கு உரிய உயிர்காப்புப் படகுகளில் எத்தனை பேர் ஏறலாம் என்ற எண்ணிக்கை தீர்ந்துவிட்டால் அந்தப் பகுதிக் கேபின்களில் மூன்றாம், நான்காம் ஆளைச் சேர்க்க மாட்டார்கள். வரலாம் என்று சந்தேகமாக இருக்கும் பெயரையும் முதலிலேயே சேருங்கள். கடைசித் தவணைத் தேதிக்கு முன் ஒருவரை நீக்குவது, பிறகு ஒருவரைச் சேர்ப்பதைவிட எளிது. ராயல் கரீபியனில் அந்தத் தேதி 4 இரவு வரையிலான பயணத்துக்கு 75 நாள் முன்பு, 5 இரவு முதலான பெரும்பாலான பயணங்களுக்கு 90 நாள் முன்பு. டெபாசிட் திரும்பக் கிடைக்கும் வகையா என்பதை மட்டும் வாங்கும்போதே கேட்டு வையுங்கள்.

மலிவாக வரும் "கேரண்டி" கேபினில் அறை எண்ணைக் கம்பெனி பிறகுதான் முடிவு செய்யும். இரண்டு கேபின் வாங்கினால் ஒன்று ஐந்தாம் தளத்தில் முன்புறம், மற்றது பத்தாம் தளத்தில் பின்புறம் அமையலாம். பிள்ளைகளோடு போகிறவர்கள் எண் தெரிந்த கேபினையே வாங்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து அறையும் நடுவில் கதவு உள்ள அறையும் ஒன்றல்ல, கதவு உள்ளதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அமெரிக்காவிலிருந்து கிளம்பும் ராயல் கரீபியன் கப்பல்களில் பொதுவாக ஒவ்வொரு கேபினிலும் 21 வயது நிரம்பிய ஒருவர் இருக்க வேண்டும் என்பதால் பெரும்பாலும் அப்பா ஒரு கேபினிலும் அம்மா மறு கேபினிலும் காகிதத்தில் பதிவாவார்கள். யார் எங்கே படுப்பது என்பது பிறகு அவர்கள் விருப்பம்.

குழந்தையின் வயது புக்கிங் நாளில் அல்ல, புறப்படும் நாளில் பார்க்கப்படும். பொதுவாக 6 மாதம் நிரம்பியிருக்க வேண்டும், அட்லான்டிக் கடப்பது போன்ற நீண்ட கடல் நாள்கள் உள்ள பயணங்களுக்கு 12 மாதம். கர்ப்பிணிகளுக்கு 24ஆம் வாரம் தொடங்கிவிட்டால் அனுமதி இல்லை, பயணத்தின் நடுவில் தொடங்கினாலும் சேர்த்துத்தான் கணக்கு.

கரையில் இறங்கும் நாள்

கப்பல் கம்பெனி வழியாகப் பதிந்த கரைப் பயணம் விலை கூடுதல். ஆனால் அந்தப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், துறைமுகமே ரத்தானால் பணம் தானாகத் திரும்பும். வெளியில் பதிந்தால் இரண்டும் உங்கள் பொறுப்பு. கரீபியன் தீவான கிராண்ட் கேமன் போன்ற இடங்களில் கப்பல் கரைக்குச் சற்றுத் தள்ளிக் கடலில் நின்று சிறு படகில் கரை சேர்ப்பார்கள். காற்று எழுந்தால் அந்த நாளே ரத்தாகும். அத்தகைய துறைமுகத்துக்குப் பணம் திரும்பாத வெளிப் பயணத்தை வாங்காதீர்கள். கடிகாரமும் சிக்கல் தரும். புளோரிடாவிலிருந்து கோடையில் மெக்சிகோவின் கோசுமெல் தீவுக்குப் போனால் கப்பல் நேரம் ஊர் நேரத்தைவிட ஒரு மணி முன்னே இருக்கலாம். செல்பேசி தானாக ஊர் நேரத்துக்கு மாறிவிடும். திரும்பி வர வேண்டிய நேரத்தைக் கப்பல் நேரத்தில் எழுதி வையுங்கள்.

எல்லாம் நிரம்பியிருந்தால்

இடங்கள் மூன்று தருணங்களில் திரும்பி வரும். கடைசித் தவணைத் தேதியையொட்டி, பயணத்தையே ரத்து செய்கிறவர்கள் விலகும்போது. புறப்பாட்டுக்கு மூன்று நான்கு நாள் முன்பு, ஏனெனில் டிஸ்னியில் கரைப் பயணத்தை இழப்பின்றி ரத்து செய்ய 3 நாள் முன்பு வரைதான் அவகாசம். பிறகு, ஏறிய அன்று மதியம். ஆப்பைத் திறந்து பாருங்கள், கப்பல் வைஃபையில் அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. காட்சி நிரம்பியிருந்தாலும் ராயல் கரீபியனில் தொடங்கப் பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது வராதவர்களின் இடத்துக்குக் காத்திருப்பு வரிசையை உள்ளே விடுவார்கள். நான்கு பேர் சேர்ந்து உட்கார இடம் கிடைக்காமல் போகலாம், ஆனால் பெரும்பாலும் உள்ளே போய்விடலாம்.

இந்தியச் சைவ உணவு கேட்பவர்கள் முன்பே தெரிவித்திருந்தாலும் முதல் இரவு தலைமைப் பரிசாரகரிடம் நேரில் சொல்ல வேண்டும். மறுநாள் மாலைக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு சமைத்துத் தருவார்கள். முதல் இரவே கிடைக்கும் என்று நம்பிப் பசியோடு உட்கார வேண்டாம், பிள்ளைகளுக்குப் பஃபேயில் கொஞ்சம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

பந்தி மாற்றமும் மேசை மாற்றமும் ஏறிய அன்று மதியமே செய்ய வேண்டிய வேலை. உணவு மண்டப ஊழியர்கள் அதற்கென்று சில மணி நேரம் ஓரிடத்தில் இருப்பார்கள், எங்கே என்பது அன்றைய நிகழ்ச்சி நிரலில் இருக்கும். பெட்டிகள் கேபினுக்கு வரும்வரை காத்திருக்காமல், எல்லாக் குடும்பங்களின் கேபின் எண்களையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு நேராக அங்கே போங்கள். மாலைப் பந்தி தொடங்கிய பிறகு கேட்டால் மறுநாளுக்குத்தான் பார்ப்பார்கள்.