ஹைப்போ ஏன் பால்போலக் கலங்குகிறது?

படத்தை வெளிக்கொணரும் கரைசலான டெவலப்பரிலிருந்து எடுத்த ஃபிலிமில் உருவம் வந்துவிட்டாலும், ஒளிபடாத வெள்ளி உப்பு அதில் அப்படியேதான் இருக்கும். அந்த நிலையில் வெளிச்சம் பட்டால் அதுவும் மெல்லக் கறுத்துப் படத்தையே விழுங்கிவிடும். அந்த உப்பைக் கரைத்து எடுப்பதுதான் ஃபிக்சரின் வேலை. அதில் முக்கியமான சரக்கு சோடியம் தயோசல்பேட். வெள்ளி உப்புகளை அது கரைக்கும் என்று ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1819இல் கண்டார். 1839இல் ஒளிப்படம் பிறந்தபோது அந்த அறிவு கைகொடுத்தது. அன்று அதன் பெயர் ஹைப்போசல்பைட். வேதியியலில் பெயர் மாறிப்போனாலும் இருட்டறையில் இன்றும் அது ஹைப்போதான்.

கோடக் எஃப்-5 என்ற பழைய ஃபிக்சர் சூத்திரத்தைப் பாருங்கள். 50 டிகிரி செல்சியஸ் சூட்டில் 600 மி.லி. தண்ணீர். அதில் 240 கிராம் ஹைப்போ, 15 கிராம் சோடியம் சல்பைட், 28 சதவீத அசிட்டிக் அமிலம் 48 மி.லி., 7.5 கிராம் போரிக் அமிலம், 15 கிராம் பொட்டாஷ் படிகாரம்; கடைசியில் குளிர்ந்த நீர் விட்டு 1 லிட்டர் ஆக்க வேண்டும். வெந்நீர் எதற்கு? ஹைப்போ கரையும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். சாதாரணத் தண்ணீரில் போட்டால் பாத்திரம் சில்லிட்டுப்போய், படிகங்கள் கரையாமல் அடியிலேயே கிடக்கும்.

அளவு கொஞ்சம் பிசகினால்கூடப் பெரிதாகக் கெட்டுவிடாது. சேர்க்கும் வரிசை பிசகினால் கெட்டது. ஃபிலிமோடு வரும் டெவலப்பரின் காரத்தை அடக்க அமிலம் வேண்டும். ஆனால் அமிலம் ஹைப்போவை நேராகச் சந்தித்தால் அதை உடைத்துவிடும். பிரிந்த கந்தகம் நுண்துகளாக மிதந்து கரைசலைப் பாலாக்கும். சல்பைட் முன்கூட்டியே இருந்தால், பிரியும் கந்தகத்தைப் பிடித்து மறுபடி தயோசல்பேட் ஆக்கிவிடும். இவ்வளவு அழகான காவல் வேதியியலில் எனக்குத் தெரிந்து குறைவு. ஃபிலிமில் வெள்ளி உப்பைத் தாங்கும் ஜெலட்டின் படலத்தை இறுக்கும் படிகாரமோ அமிலத்துக்குப் பிறகே சேர வேண்டும். முந்தினால் வெள்ளைச் சேறாகப் படியும்.

இந்தக் காவல்காரனுக்கு எதிரி காற்று. ஆக்சிஜனோடு சேர்ந்து சல்பைட் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகும். அதனால்தான் ஃபிக்சரைக் கழுத்துவரை நிரம்பிய சிறு பாட்டில்களில் இறுக மூடி, குளுமையான இடத்தில் வைக்கச் சொல்கிறார்கள். ஒருமுறை கலங்கிவிட்டால் வடிகட்டிப் பயனில்லை.

கலங்காத ஃபிக்சரும் ஏமாற்றும். வெள்ளி ஏறிய பழைய கரைசலில் ஃபிலிம் தெளிந்ததுபோல, அதாவது அதன் பால்நிற மங்கல் நீங்கியதுபோலத் தோன்றினாலும், கழுவினாலும் போகாத வெள்ளிச் சேர்மங்கள் ஜெலட்டினில் தங்கி, பின்னாளில் பழுப்புக் கறையாக வெளிப்படும். ஆகவே புதுக் கரைசலில் ஒரு துண்டு ஃபிலிம் தெளிய எத்தனை நொடி ஆகிறது என்று குறித்து பாட்டிலிலேயே ஒட்டிவையுங்கள். அது இரட்டிப்பானால் அந்தக் கரைசல் முடிந்தது.

முடிந்ததைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். அதிலுள்ள வெள்ளி நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. மெல்லிய இரும்பு நாரை அதில் ஊறவைத்தால் இரும்பு கரைந்து, அதன் இடத்தில் வெள்ளி கரிய வண்டலாகப் படியும்.