ரேடியேட்டர் – சூடாற்றி

கணினியின் வரைகலை அட்டையை (கிராபிக்ஸ் கார்டு) நீரால் குளிர்விக்கும்போது, சிப்பின் மேல் ஒரு செப்புத் தகடு உட்காரும். அதன் உட்புறம் நுண்ணிய வாய்க்கால்கள் ஓடும். பம்பு அவற்றின் வழியே நீரைத் தள்ளும். அந்த நீர் சூட்டை அழிப்பதில்லை, வேறிடத்துக்குச் சுமந்துபோகிறது, அவ்வளவுதான். சுமந்துவந்த சூட்டை வாங்கி அறைக் காற்றிடம் ஒப்படைக்கும் பாகத்துக்குப் பெயர் ரேடியேட்டர்.

இலத்தீனில் ரேடியஸ் என்றால் கோல், சக்கரத்தின் ஆரக்கால், ஒளிக்கதிர். கணக்குப் பாடத்தில் நாம் ஆரம் என்று படிப்பதும் அதுவே. ரேடியோ, ரேடியம் எல்லாம் இதே வேரில் பிறந்தவை. ஆக, ரேடியேட்டர் என்றால் கதிர் வீசுவது. 19ஆம் நூற்றாண்டில், குளிர்நாட்டு வீடுகளில் வெந்நீரையோ நீராவியையோ உள்ளே ஓடவிட்டு அறையைச் சூடாக்கிய இரும்புச் சாதனத்துக்கு இந்தப் பெயர் வழங்கியது. அப்புறம் மோட்டார் வண்டிக்குப் போனது. ஜெர்மன் பொறியாளர் வில்ஹெல்ம் மேபாக் 1900-01இல் மெர்சிடிஸ் வண்டிக்காகத் தேன்கூட்டு ரேடியேட்டரை உருவாக்கினார். கணினிக்கு வந்ததும் வண்டி வழியாகத்தான். தொடக்கத்தில் கார் ஹீட்டருக்குள் இருக்கும் சிறு ரேடியேட்டரையே கழற்றிக் கணினியில் பொருத்தியவர்கள் உண்டு.

தமிழில் இதைக் கதிர்வீசி என்று எழுதுவோர் இருக்கிறார்கள். வேர்ச்சொல்லுக்கு அது சரியான பெயர்ப்பு, பொருளுக்குச் சரியில்லை. வெப்பம் நகரும் வழி மூன்று: கடத்தல், சலனம், கதிர்வீச்சு. 360 மி.மீ. ரேடியேட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீர் 50 டிகிரி, அறை 30 டிகிரி செல்சியஸ். அதன் வெளிப்பரப்பிலிருந்து கதிர்வீச்சாகப் போகும் வெப்பம், கணக்குப் போட்டால், சுமார் 15 வாட். ஆர்டிஎக்ஸ் 4090 என்ற வரைகலை அட்டையின் மின்வரம்போ 450 வாட், அது ஏறக்குறைய முழுதும் சூடாகவே மாறும். மிச்சமெல்லாம் மெல்லிய தகட்டு மடிப்புகளுக்கு இடையே விசிறி தள்ளும் காற்றோடு போகிறது. கதிர் வீசுவது அதன் வேலையில் ஒரு துளி. மூலமொழியின் பிழையை நாமும் ஏன் சுமக்க வேண்டும்?

நம்மிடம் ஆற்றுதல் என்ற நல்ல வினை இருக்கிறது. தேநீரை டம்ளருக்கும் டவராவுக்கும் மாற்றி மாற்றி ஊற்றும்போது, சூடான நீர்மத்தைப் பரப்பிக் காற்றில் படவைக்கிறோம். ரேடியேட்டர் செய்வதும் அதையே, குழாய்க்குள் அடைத்துவைத்துச் செய்கிறது. ‘ஆறின கஞ்சி பழங்கஞ்சி’ என்ற பழமொழியில் இருப்பதும் இந்த ஆறுதல்தான்.

வெப்ப ஆற்றி என்று வைக்கலாமே என்றால், வெப்ப ஆற்றல் என்ற அறிவியல் சொல்லோடு அது குழம்பும். அதனால் என் பரிந்துரை சூடாற்றி. சூடேற்றி ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் அதற்கு இணையாகவும் நிற்கும். குளிர்நாட்டு வீட்டு ரேடியேட்டரைச் சூடேற்றி என்றும், வண்டியிலும் கணினியிலும் உள்ளதைச் சூடாற்றி என்றும் பிரித்துச் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் இந்தத் தெளிவு இல்லை. கடையில் கேட்கும்போது ரேடியேட்டர் என்றே கேளுங்கள், எழுதும்போது சூடாற்றி என்று எழுதிப் பழகலாம்.

எடுத்துக்காட்டு: ‘தகடு செம்பாக இருந்தால் அலுமினியச் சூடாற்றியை அதே நீர்ச்சுற்றில் இணைக்காதீர்கள், அலுமினியம் அரித்துப்போகும்.’