காலையில் விற்று மாலையில் வாங்கினால் அது விற்பனையாகாது

2025 ஆகஸ்டில், வரிக் கணக்குத் தாக்கல் வேலை குவிந்து கிடந்த நேரத்தில், பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் பங்குத் தரகர் அனுப்பிய லாப நட்ட அறிக்கையை என் மேசையில் வைத்தார். 2024 அக்டோபரில் விற்ற பங்குகளில் அவருக்கு 90,000 ரூபாய் குறுகிய கால மூலதன ஆதாயம் (ஓராண்டுக்கு மேல் வைத்திருக்காமல் விற்ற பங்கின் லாபம்) கிடைத்திருந்தது. அதற்கு வரி கட்டாமலிருக்க, 1,40,000 ரூபாய் குறுகிய கால நட்டத்தில் கிடந்த வேறொரு நிறுவனத்தின் 500 பங்குகளை 2025 மார்ச்சில் ஒரு நாள் காலையில் விற்று, அன்று பிற்பகலே திரும்ப வாங்கிவிட்டார். நட்டமும் கணக்கில் ஏறும், பங்கும் கைவிட்டுப் போகாது என்பது அவர் எண்ணம். அறிக்கையிலோ அந்த 1,40,000 எங்குமே இல்லை. ‘இன்ட்ராடே’ (ஒரே நாளுக்குள் முடிந்த வர்த்தகம்) என்ற தலைப்பின் கீழ், அன்று விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசமாக 350 ரூபாய் நட்டம் மட்டும் இருந்தது.

“தரகர் தப்பாகப் போட்டுவிட்டாரா, சார்?” என்றார்.

தரகர் மீது தவறில்லை. ஒரே பங்கை ஒரே நாளில் விற்கவும் வாங்கவும் செய்தால், சந்தை ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, எஞ்சுவதை மட்டுமே டெலிவரிக்கு, அதாவது பங்கைக் கைமாற்றுவதற்கு, எடுத்துக்கொள்ளும். 500 விற்று 500 வாங்கினால் எஞ்சுவது ஒன்றுமில்லை. பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கிலிருந்து ஒரு பங்கும் நகராததால் பழைய பங்குகள் விற்கப்படவே இல்லை என்றாகிறது. அடுத்த வர்த்தக நாளில் வாங்கியிருந்தால் (இடையில் விலை ஏறிவிடும் அபாயம் உண்டுதான்) அந்த ஆதாயத்துக்கு வரியே வந்திராது. மீதி 50,000 ரூபாய் நட்டத்தை 8 ஆண்டுகள் வரை முன்னெடுத்துச் சென்றிருக்கலாம். மாறாக, 20 சதவீத வரியும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸுமாக 18,720 ரூபாய் கட்டினார்.

அந்த 350 ரூபாயும் சும்மா விடவில்லை. டெலிவரி இல்லாத வர்த்தகத்தை வருமான வரிச் சட்டம் ஊக வணிகமாகக் கருதுவதால், சம்பளத்தோடு வருமான வரிக் கணக்குப் படிவம் 2-இல் முடிந்திருக்க வேண்டிய அவர் கணக்கு படிவம் 3-க்கு மாறியது. ஊக வணிக நட்டத்தைச் சம்பளத்திலோ மூலதன ஆதாயத்திலோ கழிக்க முடியாது; பிற்கால ஊக வணிக லாபத்தில் மட்டும், அதுவும் உரிய தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்திருந்தால், 4 ஆண்டுகள் வரை கழிக்கலாம். லாபம் வந்தாலோ சம்பளத்தோடு சேர்ந்து அவரவர் வரி விகிதத்தில் வரி உண்டு. பங்குகளையே வாங்கி விற்கும் ரொக்கச் சந்தையில் 2022-23இல் தினவர்த்தகம் (இன்ட்ராடே) செய்த தனிநபர்களில் 10 பேருக்கு 7 பேர் நட்டமடைந்ததாகப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. ஆகவே பெரும்பாலோருக்கு இந்த நட்ட விதிதான் முக்கியம்.

ஆனால் ‘டிரேட் டு டிரேட்’ என்ற பிரிவில் வைக்கப்பட்ட பங்குகளில், ஒரே நாளில் விற்றதையும் வாங்கியதையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாகக் கழிக்கும் முறையே கிடையாது. ஒவ்வொரு விற்பனைக்கும் பங்கைத் தந்தே தீரவேண்டும். கையில் இல்லாத பங்கை அங்கே காலையில் விற்றவர் மாலையில் வாங்கினாலும் அந்த விற்பனை கழிந்துவிடாது. சந்தை ஏலத்தில் பங்கை வாங்கிக் கொடுத்துவிட்டு, விலை வித்தியாசத்தை அவர் கணக்கிலேயே பற்று வைக்கும்.