ஸ்டாண்ட்-அப் காமெடி: தமிழில் என்ன சொல்வது?

ஒருவர் தனியாக மேடையேறி, வேடமோ துணை நடிகரோ இல்லாமல், தன் பெயரிலேயே எதிரே இருப்பவர்களிடம் நேரடியாகப் பேசிச் சிரிக்க வைப்பது ஸ்டாண்ட்-அப் காமெடி. பேசுபவர் ஸ்டாண்ட்-அப் காமெடியன். தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாகக் ‘காமிக்’ என்பார்கள்.

சொல்லில் ‘நிற்பது’ இருக்கிறதே தவிர, கலைக்கு அது கட்டாயமில்லை. அயர்லாந்தின் டேவ் ஆலன் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, கையில் கோப்பையோடுதான் பேசினார். அமெரிக்காவின் ஷெல்லி பெர்மன் ஸ்டூலில் உட்கார்ந்தபடி, இல்லாத தொலைபேசியில் பேசுவதையே தன் முத்திரையாக்கிக்கொண்டார். இருவரையும் ஸ்டாண்ட்-அப் கலைஞர்கள் என்றே சொல்கிறோம். ஆகவே ‘நின்றுகொண்டு செய்யும் நகைச்சுவை’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் தப்பிவிடும்.

‘காமெடி’யின் வேர் கிரேக்கம். ‘கோமோஸ்’ என்றால் ஆட்டம்பாட்டத்தோடு போகும் களியாட்டம், ‘ஓடே’ என்றால் பாட்டு. தமிழில் அந்தச் சொல் சினிமா வழியாக வேரூன்றி, ‘காமெடி பண்ணாதே’ என்று வீட்டுப் பேச்சுவரை வந்துவிட்டது. ‘ஸ்டாண்ட்-அப்’ வேறு கதை. பழைய நியூயார்க், சிகாகோ இரவு விடுதிகளை நடத்திய தாதாக்கள் நம்பகமான ஆளைக் குறிக்கச் சொன்ன சொல்தான் காமெடியன்களுக்கும் ஒட்டிக்கொண்டது என்று ஒரு விளக்கம் உலவுகிறது. கேட்கச் சுவையாக இருக்கிறது, ஆனால் 1910களிலேயே பிரிட்டன் பத்திரிகைகளில், அங்கிருந்த மியூசிக் ஹால் (பாட்டும் நகைச்சுவையும் கலந்த மேடை) கலைஞர்களைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல் வந்துவிட்டது. தாதா கதையை ஒதுக்கிவிடலாம்.

அதே காலத்து அமெரிக்காவில், பல்சுவை நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நடக்கும் வோடவில் அரங்குகளிலும் இப்படிப் பேசுபவர்கள் இருந்தார்கள். முன்திரையை இறக்கிவிட்டு, திரைக்கு முன்னால் இருக்கும் குறுகலான இடத்தில் ஒருவரைப் பேசவிடுவார்கள். பின்னால் அடுத்த நிகழ்ச்சிக்குச் சாமான் மாறும். அவருக்குப் பொருளோ காட்சியமைப்போ கிடையாது. இன்றைய வெறும் மேடை, ஒற்றை மைக் என்ற வடிவத்தின் சாயல் அங்கேயே இருக்கிறது.

அன்று ஜோக்குகள் பொதுச்சொத்து. ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்வது சகஜம். 1953இல் சான் பிரான்சிஸ்கோவின் ‘ஹங்ரி ஐ’ இரவு விடுதியில் மார்ட் சால், கோட்டு டைக்குப் பதில் ஸ்வெட்டர் போட்டு, கையில் செய்தித்தாளோடு அரசியல் பேச ஆரம்பித்தார். பிறகு லென்னி ப்ரூஸ் வந்தார். 1964இல் நியூயார்க் நீதிமன்றம் அவர் பேச்சை ஆபாசம் என்று தீர்ப்பளித்தது, 1966இல் இறந்தார், மாநில ஆளுநர் மன்னிப்பு தந்தது 2003இல். இவர்களுக்குப் பின் ‘ஸ்டாண்ட்-அப்’ என்றால் பேசுபவரின் சொந்தப் பார்வை என்று பொருள் நிலைத்தது. ஜோக் திருட்டு பெருங்குற்றமானதும் அதனால்தான்.

உள்ளே இருக்கும் உறுப்புகளைப் பார்ப்போம். ஒருவர் ஒரு தடவை மேடையில் பேசுவது முழுவதும் ‘செட்’. புதியவர்கள் ஏறும் ‘ஓப்பன் மைக்’கில் ஒருவருக்கு 4 அல்லது 5 நிமிடம். கடைசி நிமிடம் தொடங்கும்போது அரங்கின் பின்னாலிருந்து விளக்கைக் காட்டுவார்கள். அதைத் தாண்டிப் பேசுபவரை அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். அமெரிக்கக் கிளப்புகளில் கடைசியாக வரும் முதன்மைக் கலைஞருக்கு 45 முதல் 60 நிமிடம். செட்டுக்குள் ஒவ்வொரு ஜோக்குக்கும் செட்டப் (எதிர்பார்ப்பை உண்டாக்குவது), பஞ்ச் (அதை உடைத்துச் சிரிக்க வைப்பது) என்று இரண்டு பகுதி, பல சமயம் மூன்றாவதாக டேக். ஒரு மாதிரி:

“வரன் பார்க்கிற சைட்ல அம்மாவே எனக்கு ப்ரொஃபைல் எழுதிப் போட்டாங்க. ‘பையனுக்குச் சொந்த வீடு உண்டு.’ அந்தச் சொந்த வீட்டுக்கு மாசா மாசம் கரெக்டா வாடகை வாங்கிக்கிறாங்க... என்கிட்ட. அட்வான்ஸ் பத்து மாசம். ஏன்னு கேட்டா, ‘உன்னை நான் எத்தனை மாசம்டா சுமந்தேன்?’”

‘வாங்கிக்கிறாங்க’ வரை செட்டப். ‘என்கிட்ட’ பஞ்ச். அட்வான்ஸ் வரி டேக். புதிதாக எதையும் விளக்காமல், விழுந்த சிரிப்பின் மேலேயே இன்னொன்றை வாங்குவது. இருபது நிமிடம் கழித்து வேறு விஷயம் பேசும்போது ‘அட்வான்ஸ் குடுத்துட்டேனே’ என்று திரும்பத் தொட்டால் அது ‘கால்பேக்’.

தமிழில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். “என்கிட்ட வாடகை வாங்கிக்கிறாங்க” என்று இலக்கணப்படி சொன்னால், திடுக்கிட வைக்கும் சொல் முதலிலேயே போய்விடுகிறது. கூட்டம் சிரிக்கத் தொடங்கும் நேரத்தில் பேசுபவர் வாக்கியத்தை முடித்துக்கொண்டிருப்பார். அதனால் பஞ்ச் சொல்லை வினைக்குப் பின்னால் தள்ள வேண்டும். பேச்சுத்தமிழ் இதற்கு இடம் கொடுக்கிறது, எழுத்துத்தமிழ் கொடுக்காது. எழுதி மனப்பாடம் செய்து வருபவர்கள் முதல் சில மாதங்கள் தடுமாறுவதற்கு இது ஒரு பெரிய காரணம். இன்னொன்று, சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த வரிக்குப் போய்விடுவது. கூட்டம் அடுத்த வரியைக் கேட்பதற்காகச் சிரிப்பை அடக்கிக்கொள்ளும். ஐந்து நிமிடத்தில் சிரிக்கவே மறந்துவிடும்.

அறையும் கவிழ்த்துவிடும். தாழ்ந்த கூரை, நெருக்கமான நாற்காலி, பார்வையாளர் பக்கம் இருட்டு: இவை மூன்றும் வேண்டும். சின்ன அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்த 50 பேர் சிரிக்கும் சிரிப்பை, 500 பேர் மண்டபத்தில் சிதறி உட்கார்ந்த அதே 50 பேரிடம் வாங்க முடியாது. சிரிப்பு பக்கத்து ஆளிடமிருந்துதான் தொற்றுகிறது.

இனித் தொழில். நியூயார்க்கில் ‘இம்ப்ராவ்’ கிளப் 1963இல் திறந்தது, லாஸ் ஏஞ்சல்ஸில் ‘காமெடி ஸ்டோர்’ 1972இல். காமெடி ஸ்டோரில் பரிமாறுபவருக்குச் சம்பளம் உண்டு, மேடையில் பேசுபவருக்குக் கிடையாது. ‘பழகிக்கொள்ள இடம் தருகிறோமே’ என்பது நிர்வாகத்தின் வாதம். 1979இல் கலைஞர்கள் ஆறு வாரம் வேலைநிறுத்தம் செய்து, ஒரு செட்டுக்கு 25 டாலர் வாங்கினார்கள். ஓப்பன் மைக்கில் காசு கிடையாது என்ற வழக்கம் மட்டும் இன்றுவரை எல்லா ஊரிலும் தொடர்கிறது.

இங்கே வழி வேறு. தமிழில் மேடை நகைச்சுவையை வீடுகளுக்குக் கொண்டுபோனது 2005இல் விஜய் டிவி தொடங்கிய ‘கலக்கப்போவது யாரு’. அதில் மிமிக்ரியும் குறுநாடகமும் கலந்திருந்தன. இன்றும் பலர் மிமிக்ரியையும் ஸ்டாண்ட்-அப்பையும் ஒன்றாக நினைப்பது அதனால்தான். 2010இல் மும்பையில் லண்டன் ‘காமெடி ஸ்டோர்’ கிளப்பின் கிளை வந்தது (லாஸ் ஏஞ்சல்ஸ் கிளப் வேறு). 2017இல் அமேசான் பிரைம் இந்தியக் கலைஞர்களின் ஒருமணி நேர ‘ஸ்பெஷல்’களை வெளியிட்டபோது சென்னையின் அரவிந்த் எஸ்.ஏ.வும் அதில் இருந்தார். 2019இல் அதே தளத்தில் வந்த அலெக்ஸாண்டர் பாபு, பாட்டும் ஆர்மோனியமுமாக, இதை ஸ்டாண்ட்-அப் என்பதா கச்சேரி என்பதா என்று கேட்க வைத்தார். அவர் வேடமில்லாமல், தன் பெயரிலேயே, தன் கதையைத்தான் சொல்கிறார். அதனால் ஸ்டாண்ட்-அப்தான்.

இப்போது நிலவரத்தை மாற்றியிருப்பது ஒரு நிமிட வீடியோ. பாட்டைத் திரும்பக் கேட்டால் இனிக்கும். ஜோக்கைத் திரும்பக் கேட்டால் செத்துவிடும். எழுதிய ஜோக்கை இணையத்தில் போட்டால் டிக்கெட் வாங்கி வருபவர் ஏற்கெனவே கேட்டிருப்பார். போடாவிட்டால் டிக்கெட் வாங்க ஆளே வராது. இதற்குக் கண்டுபிடித்த வழிதான் ‘கிரவுட் வொர்க்’: முன்வரிசை ஆளிடம் பெயர், வேலை, ஊர் கேட்டு அந்த இடத்திலேயே பின்னுவது. ஒருமுறைதான் நடக்கும், ஆகவே போட்டாலும் நஷ்டமில்லை. ஆனால் வீடியோ பார்த்து வருபவர்கள் தங்களிடமும் பேசுவார் என்று எதிர்பார்த்து நடுவில் குரல் கொடுக்கிறார்கள், எழுதிய பகுதி உடைகிறது. இன்னொரு பக்கம் வழக்குப் பயம். 2021 ஜனவரியில் இந்தூரில் கைதான ஸ்டாண்ட்-அப் கலைஞர் முனாவர் ஃபாரூக்கிக்கு உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் தரும்வரை ஒரு மாதத்துக்கு மேல் சிறை.

சரி, தமிழ்ச்சொல். ‘தனிநபர் நகைச்சுவை’ என்றால் தனிநபரைக் கேலி செய்வது போலத் தொனிக்கிறது. ‘நகைச்சுவைச் சொற்பொழிவு’ ஆன்மிக மேடை வாசனை. ‘பலகுரல்’ மிமிக்ரிக்கு உரியது. சிலர் சாக்கியார் கூத்தைக் காட்டுவார்கள். கேரளக் கோயில்களில் ஒருவரே நின்று பேசி, அவையில் இருப்பவரையே கிண்டல் செய்யும் கலை அது, ஆனால் வேடமும் புராணக் கதையும் அதற்கு அடிப்படை. ‘மேடைச் சிரிப்புரை’ என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது, அதுவே பொருத்தம். ‘உரை’ பேச்சைச் சொல்லிவிடுகிறது, நிற்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. ‘நகை’யை வைத்துச் சொல் அமைக்கலாமே என்று தோன்றும்: ‘எள்ளல் இளமை பேதைமை மடன்’ என நகை பிறக்கும் நான்கு இடங்களைத் தொல்காப்பியமே சொல்கிறதே. ஆனால் போஸ்டரில் ‘நகையுரை’ என்று பார்ப்பவர் நகைக்கடை விளம்பரம் என்று நினைப்பார். சிரிப்புரையே போதும், பேசுபவர் சிரிப்புரைஞர். செட்டப்புக்கு ‘எடுப்பு’, பஞ்ச்சுக்கு ‘முத்தாய்ப்பு’ என்று இசைமேடைச் சொற்களை எடுத்துக்கொள்ளலாம். மேடையின் பின்னால் யாரும் அப்படிச் சொல்லப்போவதில்லை. விமர்சனம் எழுதுபவருக்கு உதவும்.

நிகழ்ச்சிக்கு ஆள் கூப்பிடும்போது ‘காமெடி புரோகிராம்’ என்று மட்டும் சொல்லாமல் சிரிப்புரையா, பலகுரலா என்று பிரித்துச் சொல்லிவிடுவது நல்லது. கல்யாண வரவேற்பில், குழந்தைகள் ஓடிக்கொண்டிருக்க, பந்தி ஒரு பக்கம் நடக்க, பலகுரல் எடுபடும். பாதியில் வந்தவருக்கும் குரல் புரியும். சிரிப்புரை எடுபடாது, எடுப்பைக் கேட்காதவருக்கு முத்தாய்ப்பு விளங்காது. அலுவலக விழாவென்றால் 20 நிமிடம் கேளுங்கள், சாப்பாட்டுக்கு முன்னால் வைக்கச் சொல்லுங்கள்.