வெற்றுப் புகழ்ச்சி: 'பஃபரி' என்ற சொல்லின் பொருளும் தமிழும்

அமெரிக்காவின் விளம்பரச் சட்டங்களைப் பற்றித் தமிழில் எழுத உட்காருபவருக்கு முதல் பக்கத்திலேயே இடறும் சொல் 'பஃபரி'. விற்பவர் தன் சரக்கை வாயாரப் புகழ்கிறார். அந்தப் புகழ்ச்சியை அறிவுள்ள எவரும் அப்படியே எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஆகவே அது சட்டத்தின் கண்ணில் பொய்யாகாது. அதன்மேல் தொடுத்த வழக்கும் நிற்காது. இந்த வகைப் பேச்சுக்குத்தான் அங்குள்ள நீதிமன்றங்கள் பஃபரி என்று பெயர் வைத்திருக்கின்றன. இதைப் 'பொய் விளம்பரம்' என்று மொழிபெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். பொய் விளம்பரம் தண்டனைக்குரியது. பஃபரி தண்டனையிலிருந்து தப்புவது.

சொல்லின் வேர் 'பஃப்'. வாயைக் குவித்துக் காற்றை ஊதும்போது எழும் ஒலியே சொல்லாகிவிட்டது. நம் பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருக்கும் முட்டை பஃப்ஸும் இதே சொல்தான். கையில் எடுத்தால் பெரிதாக இருக்கும். கடித்தால் ஏடு ஏடாக உதிர்ந்து, உள்ளே பாதி காற்று என்பது தெரியும். ஊதிப் பெருத்த புகழுரைக்கும் ஆங்கிலத்தில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1779இல் லண்டனில் அரங்கேறிய ஷெரிடனின் 'தி கிரிட்டிக்' நாடகத்தில் மிஸ்டர் பஃப் என்றே ஒரு பாத்திரம் வருகிறது. காசு வாங்கிக்கொண்டு புகழ்ந்து எழுதுவது அவருடைய தொழில். நேராகப் புகழ்வது, முன்கூட்டியே புகழ்வது, சுற்றி வளைத்துப் புகழ்வது என்று அந்தக் கலையை ஐந்து வகையாகப் பிரித்தும் காட்டுகிறார். ஏலக்கடையில் விலையை ஏற்றிவிடுவதற்காக விற்பவரே ஏற்பாடு செய்து கேட்கவைக்கும் ஆளுக்கும் 'பஃபர்' என்ற பெயர் உண்டு.

வணிகப் பேச்சிலிருந்து சொல் நீதிமன்றத்துக்குள் நுழைந்ததற்குப் புகழ்பெற்ற சாட்சி இங்கிலாந்தின் கார்பாலிக் ஸ்மோக் பால் வழக்கு. அழுத்தினால் மருந்துப்பொடி புகைபோல மூக்கில் ஏறும் ரப்பர் பந்து ஒன்றை அந்தப் பெயருள்ள நிறுவனம் விற்றது. நாளுக்கு மூன்று முறை வீதம் இரண்டு வாரம் பயன்படுத்திய பிறகும் இன்ஃபுளுயென்சா வந்தால் 100 பவுண்டு தருவோம், அதற்கென்று வங்கியில் 1,000 பவுண்டு போட்டுவைத்திருக்கிறோம் என்று விளம்பரம் செய்தது. கார்லில் என்ற பெண்மணி சொன்னபடியே பயன்படுத்தினார், காய்ச்சலும் வந்தது. பணம் கேட்டபோது, அது வெறும் பஃப் என்றது நிறுவனம். மேல்முறையீட்டு நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. வங்கியில் பணம் போட்டதாக எதற்குச் சொன்னீர்கள், மக்கள் நம்பவேண்டும் என்றுதானே என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி. 1893ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் பதிவான அந்தத் தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். விளம்பரத்தில் ஓர் எண்ணும் ஒரு வாக்குறுதியும் சேர்ந்த கணத்தில் பஃப் என்ற தப்பிக்கும் வாசல் அடைபட்டுவிடுகிறது.

அமெரிக்க மாநிலங்களில் இந்தச் சொல் வலுப்பெற்றதற்குக் காரணம் சட்டத்தின் வாசகமே. 1911இல் 'பிரிண்டர்ஸ் இங்க்' என்ற விளம்பரத் தொழில் இதழ் ஒரு மாதிரிச் சட்டத்தை வெளியிட்டது. கலப்பட மருந்துக்காரர்களும் புளுகர்களும் தொழிலின் பெயரைக் கெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. விளம்பரக்காரர்களே முன்வந்து தங்களுக்குக் கடிவாளம் கேட்டார்கள் என்பது எனக்கு இன்றும் மதிப்புக்குரிய செய்தி. பல மாநிலங்கள் அந்த மாதிரியைத் தழுவிச் சட்டம் இயற்றின. அது தண்டிப்பது உண்மையல்லாத, ஏமாற்றும், தவறான வழியில் செலுத்தும் கூற்றுகளை. அந்தக் கூற்று ஒரு விவரத்தைப் பற்றியதாக, சரிபார்க்கத்தக்கதாக இருக்கவேண்டும். சரிபார்க்க எதுவுமே இல்லாத புகழ்ச்சி அந்த வலையின் கண்ணில் நழுவிவிடும். அப்படி நழுவுவதுதான் பஃபரி.

விஸ்கான்சின் மாநிலத்தில் 2004இல் முடிந்த ஹார்லி டேவிட்சன் வழக்கில் இதைக் கண்முன்னே காணலாம். 1999, 2000 ஆண்டுகளின் மோட்டார் சைக்கிள் எஞ்சினில் ஒரு பேரிங் கோளாறு இருந்தது. எஞ்சினை 'தலைசிறந்த படைப்பு', 'உயர்தரம்' என்றெல்லாம் விளம்பரம் செய்தது ஏமாற்று என்று வாங்கியவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சொற்கள் பஃபரி என்றது. தலைசிறந்த படைப்பு என்பதை எந்த அளவுகோலை வைத்து அளப்பது? அதே விளம்பரம் 'இந்த பேரிங் 50,000 மைல் தாங்கும்' என்று சொல்லியிருந்தால் பேச்சே வேறு.

கடை வைத்திருப்பவர் கவனிக்கவேண்டிய கோடு இதுதான். 'ஊரிலேயே அருமையான காபி' என்று பலகை எழுதலாம். 'இன்று காலை வறுத்த கொட்டை' என்று எழுதினால் இன்று காலை வறுத்திருக்கவேண்டும். கலிபோர்னியாச் சட்டத்தில் பொய்யென்று தெரிந்து எழுதினால் மட்டும் குற்றம் என்றில்லை. தக்க கவனம் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாலே போதும். அரசு தொடுக்கும் வழக்கில் ஒவ்வொரு மீறலுக்கும் 2,500 டாலர் வரை அபராதம் விழலாம்.

இனித் தமிழுக்கு வருவோம். அகராதிப் பழக்கத்தில் முதலில் கைக்கு வருவது 'மிகைப்புகழ்ச்சி'. எனக்கு அதில் நிறைவில்லை. 'முப்பது நாளில் பத்துக் கிலோ குறையும்' என்பதும் மிகைதான். ஆனால் தராசில் ஏறி நின்று பார்த்துவிடலாம், எனவே அது பஃபரி ஆகாது. 'பீற்றல்' என்ற சொல்லில் ஆளின் குணத்தைப் பழிக்கும் தொனி இருக்கிறது. சட்டமோ பஃபரியைப் பழிப்பதில்லை. கருத்தளவில் மிக நெருங்கி வருவது, தண்டியலங்காரம் அதிசயம் என்று வகுக்கும் உயர்வு நவிற்சி. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அது அப்படியே உண்மையில்லை என்பது அங்கும் தெரியும். ஆனால் ஆயிரம் யானை பலம் என்று பாடும் புலவருக்கு எண் ஓர் அழகு. விளம்பரத்திலோ எண் நுழைந்தாலே பாதுகாப்பு போய்விடுகிறது.

நான் பயன்படுத்துவது 'வெற்றுப் புகழ்ச்சி'. வெற்றுக் காகிதம், வெற்றுவேட்டு என்று நாம் பேசும்போது உள்ளே ஒன்றும் இல்லை என்பதைத்தான் சொல்கிறோம். பஃப் என்ற வேர்ச்சொல்லின் காற்றும் அதுவே, சட்டம் தேடும் அளவுகோலும் அதுவே. வழக்கறிஞர்கள் எதிர்வாதமாக வைக்கும் 'மியர் பஃபரி' என்ற சிறு தொடரையும் 'வெறும் புகழ்ச்சிதான்' என்று எழுதினால் வாசகர் தடுமாறமாட்டார்.

இந்தச் சொல்லை நான் உரசிப் பார்த்தது ஒரு பீட்சா வழக்கில். அது மாநிலச் சட்டத்தின்கீழ் வந்ததன்று, கூட்டாட்சிச் சட்டத்தின்கீழ் டெக்சாஸில் நடந்தது. 'மேலான பொருள்கள், மேலான பீட்சா' என்பது பாப்பா ஜான்ஸ் நிறுவனத்தின் முழக்கம். தனியாக நின்றவரை அது வெற்றுப் புகழ்ச்சி என்று 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்த நிறுவனம் தன் தக்காளிச் சாறையும் பிசைந்த மாவையும், வழக்குத் தொடுத்த போட்டி நிறுவனமான பீட்சா ஹட்டின் சாறோடும் மாவோடும் ஒப்பிட்டு விளம்பரங்கள் வெளியிட்டு, அவற்றின் கீழே அதே முழக்கத்தைப் போட்டது. அப்போது வெற்று என்ற சொல் பொருந்தாமல் போயிற்று. ஒப்பீடு உள்ளே புகுந்து அந்த இடத்தை நிரப்பிவிட்டது. முழக்கம் சரிபார்க்கத்தக்க கூற்றாகிவிட்டது என்றனர் நீதிபதிகள். அப்படியும் பீட்சா ஹட் வெல்லவில்லை. அந்தக் கூற்றை நம்பித்தான் மக்கள் வாங்கினார்கள் என்பதற்கு அது சான்று காட்டவில்லை.