சாலை விபத்து இழப்பீடு: சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் 38 வயதுக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மேடேறுவார். அடிப்பட்டையில் வெட்டு இருக்கும் மரத்தில் குந்தி உட்கார்ந்து, கத்தியை இழுத்து, சிரட்டையைச் சரிசெய்துவிட்டு எழுந்து அடுத்த மரத்துக்குப் போவார். இப்படி 300 மரம். ஒரு நாள் தக்கலை ரோட்டில் கார் ஒன்று இவர் பைக்கை இடிக்கிறது. முழங்கால் உடைந்து பிளேட் வைக்கிறார்கள். சில மாதத்தில் நடக்க முடிகிறது, குந்த முடியவில்லை. மருத்துவக் குழு தரும் சான்றில் ‘30 சதவீத ஊனம்’ என்று இருக்கிறது.

பலருடைய வழக்கு சரிவது இந்த 30 என்ற எண்ணில்தான். டாக்டர் சொல்வது காலின் கணக்கு. இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பாயம் பார்க்க வேண்டியது பிழைப்பின் கணக்கு. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரு கையை இழந்த டிரைவருக்கும் அதே கையை இழந்த குமாஸ்தாவுக்கும் இழப்பு ஒன்றல்ல. என்ன வேலை செய்தார், இனி எதைச் செய்ய முடியும் என்று பார்த்துத்தான் வருமான இழப்பின் சதவீதத்தை முடிவு செய்ய வேண்டும்.

இந்த வித்தியாசம் ரூபாயில் எவ்வளவு? மாதம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 40 வயதுக்குக் கீழே, சொந்தமாக உழைப்பவர் என்பதால் எதிர்கால வருமானத்துக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும்: 21,000. வருஷத்துக்கு 2,52,000. 36 முதல் 40 வயது வரை பெருக்கும் எண் 15. ஆக 37,80,000. இதில் 30 சதவீதம் என்றால் 11,34,000 ரூபாய். பால்வெட்டு கைவிட்டுப் போனதால் இழப்பு 70 சதவீதம் என்று நிரூபித்தால் 26,46,000. ஆஸ்பத்திரிச் செலவு, வலி வேதனைக்கான தொகை எல்லாம் தனி. ஒரே முழங்கால், ஒரே சான்று. 15 லட்சத்துக்கு மேல் வித்தியாசம். விபத்து வழக்கு நடத்தும் வக்கீலின் உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது.

இந்த வேலைக்கு நீங்களும் உதவ வேண்டும். தோட்ட முதலாளி கூலி குறித்து வைத்த நோட்டு, பேங்க் பாஸ்புக், கட்டுமான வேலை என்றால் நல வாரிய அட்டை, மீனவர் என்றால் கூட்டுறவுச் சங்க அட்டை என்று கிடைப்பதையெல்லாம் எடுத்து வையுங்கள். தோட்ட முதலாளியே சாட்சி சொல்ல வந்தால் அதைவிட நல்லது. ஒரு காகிதமும் இல்லையென்றாலும் சோர்ந்துவிட வேண்டாம். காலை இழந்த கர்நாடகக் காய்கறி வியாபாரி ஒருவருக்கு, வருமானச் சான்று இல்லாமலே மாதம் 6,500 என்று ஏற்று, இழப்பு 85 சதவீதம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வீட்டு வேலை மட்டும் பார்க்கும் பெண்ணின் உழைப்புக்கும் வருமானம் கணக்கிட வேண்டும்.

மனு போடுவது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 166ஆம் பிரிவின் கீழ். கோர்ட் பக்கம் இதை எம்.சி.ஓ.பி. என்பார்கள். “இடிச்சவரும் நம்ம ஊர்க்காரர்தானே, அவர் வீட்டை விக்க வச்சிடக் கூடாதே” என்று தயங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வண்டிக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தால் சாதாரணமாகப் பணம் கட்டுவது கம்பெனிதான்.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு விஷயம் முக்கியம். பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ விபத்து நடந்து, திருவனந்தபுரத்தில் சிகிச்சை பெற்றிருந்தாலும், வழக்குக்காகக் கேரளத்துக்கு அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம்.

காலம் கடத்தாதீர்கள். 2022 ஏப்ரல் 1க்குப் பிந்தைய விபத்துக்கு ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்பது சட்டம். தாமதம் என்ற காரணத்துக்காக மனுவைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அதை நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம்.

முதல் நாளில் நடக்கும் ஒரு தவறு வழக்கையே கெடுத்துவிடும். போலீஸ் கேஸ் எதற்கு என்று, ஆசாரிப்பள்ளத்திலோ வேறு ஆஸ்பத்திரியிலோ “பைக்கிலிருந்து தானா விழுந்துட்டேன்” என்று சொல்லிவிடுவார்கள். அது அப்படியே ஆஸ்பத்திரியின் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் (ஏ.ஆர்.) ஏறும். பிறகு இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் நீட்டுவது அந்தத் தாளைத்தான். எந்த வண்டி இடித்தது, எங்கே இடித்தது என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஏ.ஆர். காப்பி, எஃப்.ஐ.ஆர்., டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை பில் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். 2022 மோட்டார் வாகன விதிகளின்படி விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும். ஸ்டேஷனில் அதைக் கேட்பது உங்கள் உரிமை.

இடித்த வண்டி நிற்காமல் போய், கண்டுபிடிக்கவும் முடியாவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000.

வார்டு வாசலிலேயே வந்து “வர்ற காசில் இத்தனை சதவீதம் தந்தால் போதும், நாங்க பாத்துக்கறோம்” என்பவர்களிடம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இழப்பீட்டில் பங்கு பேசுவதும், ஆள் விட்டு வழக்குப் பிடிப்பதும் இந்திய பார் கவுன்சில் விதிகளுக்கு விரோதம். கட்டணம் கொடுக்க வழியில்லாதவர்களுக்கு நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் தருவார்கள். உதவிக்கு 15100.

தீர்ப்புத் தொகை குறைவாகத் தெரிந்தால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்யலாம். லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் பணம் சீக்கிரம் வரும். ஆனால் அதற்கு மேல்முறையீடு கிடையாது. அங்கே கையெழுத்துப் போடுமுன் வக்கீலிடம் கேளுங்கள்: இந்தத் தொகையைப் போட்டது டாக்டர் சொன்ன 30ஐ வைத்தா, பிழைப்பு போன 70ஐ வைத்தா?