இடுப்புத் தளத் தசைகளுக்கு இயல்பளவை வரையறுப்பது எப்படி?

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துச் சரிவுகளில் கொழுந்து பறித்து, நிறைந்த மூட்டையைச் சுமந்தபடி எடை போடும் இடத்துக்கு ஏறி வரும் பெண்களில் சிலருக்கு, இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிவதுண்டு. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகள் பிரசவத்தாலும் வயதாலும் தளர்வது இதற்கு முக்கியமான காரணம். வெளியே சொல்லக் கூச்சப்பட்டுப் பல ஆண்டுகள் பொறுத்துக்கொள்ளப்படும் இத்தொல்லையை அளந்தறியும் வழிகளில் ஒன்று, ஈஎம்ஜி எனப்படும் தசை மின் பரிசோதனை.

தசையிழைகள் சுருங்கும்போது எழும் மின் அலைகளை, யோனிக்குள் வைக்கப்படும் சிறு மின்முனை மைக்ரோவோல்ட் அளவில் பதிவு செய்கிறது. இதை அளக்கப் பயன்படும் வரிசைமுறைகளில் ஒன்றான கிளேசர் முறையில், முதலில் 60 விநாடி ஓய்வு. பிறகு 5 விரைவுச் சுருக்கங்கள். அதன்பின் தலா 10 விநாடி நீடிக்கும் 5 சுருக்கங்கள். தொடர்ந்து 60 விநாடி இறுக்கிப் பிடித்தல். கடைசியில் மீண்டும் 60 விநாடி ஓய்வு. ஓய்வின்போது அளவு மிகுந்திருந்தால் அதுவும் கோளாறுதான். தளரத் தெரியாத தசை வலியைத் தரக்கூடும்.

கிடைத்த எண் நல்லதா என்று சொல்ல, தொல்லையில்லாத பலரின் அளவுகள் வேண்டும். ஆய்வகப் பரிசோதனைகளுக்கான வழக்கப்படி குறைந்தது 120 பேரை அளந்து, இரு முனைகளிலும் 2.5 சதவீதத்தை நீக்கினால் எஞ்சும் நடுப்பகுதியே இயல்பு வரம்பு. ஆனால் மின்முனையின் வடிவம், அது தசையைத் தொடும் விதம், படுத்திருக்கும் நிலை ஆகியவற்றைப் பொறுத்து மைக்ரோவோல்ட் மாறும். அது தசையின் வலுவை நேராகக் காட்டும் அளவும் அன்று. ஊட்டியின் குளிரில் உடல் நடுங்கினால் தொடை, பிட்டத் தசைகளின் மின் அலைகளும் கலந்துவிடும் என்பதால், அறை கதகதப்பாக இருப்பது அவசியம்.

யாரை அளப்பது என்பதே இதில் கடினமான கேள்வி. பிரசவிக்காத இளம்பெண்களின் அளவை மூன்று பிள்ளை பெற்ற ஐம்பது வயதுத் தொழிலாளியின் மேல் சுமத்துவது நியாயமன்று. அதற்காக, தோட்டத்தில் பலருக்கும் கசிவு இருக்கிறது என்று அதையே இயல்பாகக் கொள்வதும் பெருந்தவறு. பரவலாக இருப்பது வேறு, நலமாக இருப்பது வேறு. ஆகவே வயதையும் பிரசவ எண்ணிக்கையையும் வைத்துப் பிரித்து, கசிவோ, கருப்பை போன்ற உறுப்புகள் கீழிறங்கும் இறக்கமோ இல்லாதவர்களை மட்டுமே ஒவ்வொரு பிரிவிலும் சேர்க்க வேண்டும். அத்தகைய அட்டவணை இல்லாத இடத்தில், அதே கருவியால், அதே நிலையில், இத்தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒரு பெண்ணை அளந்து, அவருடைய பழைய அளவோடு புதியதை ஒப்பிடுவதே நம்பகமானது.